லாரிக்காரர் வீட்டு முடிச்சு

ஜூலை 9, ஞாயிறு. சங்ககிரி

பெரியவன் மகன் ஹரிபிரசாத் கோயம்புத்தூரில் எலும்பு டாக்டர். அவனைப் பார்க்க ஈரோட்டிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அவன் தங்கை தர்ஷிகா கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் சொந்த வீடு வாங்கிப் பால் காய்ச்சியதைச் செல்போனில் காட்டினாள். அங்கே கரண்டு அடுப்பு, பால் பொங்க அரைமணி நேரம் ஆனது. மகள் வயிற்றுப் பேரன் கவின்குமார் ரயில்வேயில் இன்ஜினியர். அவன் தம்பி முகுந்தன் பன்னிரண்டாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூட வாசலில் அவன் முகம் போட்டுப் பேனர் வைத்தார்கள். ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சின்னவன் தங்கராசு மகள் கோகிலவாணி எம்.காம். முதல் வகுப்பு. குடகில் டூரிஸ்ட் கம்பெனியில் இருக்கிறாள்.

எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ். என் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. ஒரு லாரியில் ஆரம்பித்து இத்தனை பேரை ஆளாக்கிவிட்டுப் போனார்.

இந்த டைரி ஹரி கொடுத்தது. மருந்துக் கம்பெனி டைரி, பக்கத்துக்குப் பக்கம் மாத்திரை படம். தினமும் பிரஷர் மாத்திரை போட்டதை எழுதச் சொன்னான். போட்டேன். மற்றதையும் எழுதுகிறேன், இடம் நிறைய இருக்கிறது.

நாளைக்குக் குடகு போகிறேன்.

ஜூலை 10, திங்கள்

திம்பம் வளைவில் இரண்டு தடவை வாந்தி. மைசூரில் பஸ் மாறி, பிறகு இன்னொரு பஸ், பிறகு ஜீப். மூட்டு இரண்டும் வீங்கிவிட்டது. கேட் வரைக்கும் வந்த தங்கராசு உள்ளே வரவில்லை.

"நீங்க போய்ப் பேசுங்கம்மா. எனக்கு அவளப் பாத்தாலே கோவந்தான் வருது. ஆடி முடியறதுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துருங்க."

அதே ஜீப்பில் திரும்பிவிட்டான். நான் மழையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கோகிலா ஓடி வந்தாள். அரை டவுசர், தலையில் ஹெல்மெட், ஆம்பளைப் பையன் மாதிரி. "அப்பாயி!" என்று கட்டிக்கொண்டபோது என் சேலை முழுக்க நனைந்துவிட்டது.

மாத்திரை போட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

மழை.

ஜூலை 13, வியாழன்

மூன்று நாளாக மழை நிற்கவில்லை. துவைத்த ஜாக்கெட் இன்னும் அப்படியே சொதசொத என்று இருக்கிறது. காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

சமையல்காரி எஸ்தர் தமிழ்ப் பெண். அவள் அப்பா காலத்திலேயே காப்பித் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அடுப்பு மேல் கொடி கட்டிக் காயவைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கட்டுங்க பாட்டிம்மா. ஆனா இங்க எதுவும் காயாது. நானே ஜூன்ல நனைஞ்சவ, இனி அக்டோபர்லதான் காய்வேன்."

இங்கே என்ன வேலை நடக்கிறது என்று இன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. மலையிலிருந்து கல்லும் பாறையுமாக இறங்குகிற ஆறு. மழைக்காலத்தில் மட்டும்தான் இத்தனை தண்ணீர். குடகில் அதற்கு ஒரு பேர், கேரளாவில் இறங்கியதும் வேறு பேராம். லாரி டியூப் மாதிரி காற்றடித்த ரப்பர் படகு. அதில் மைசூர், பெங்களூர் ஆட்கள் ஆறு பேரை உட்கார வைத்து, பின்னால் கைடு ஒருத்தர் உட்கார்ந்து, அந்த வெள்ளத்தில் இறக்கி விடுகிறார்கள். இதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள். என் பேத்தி பின்னால் உட்காருகிறவள்.

சித்திரையில் அவளுக்கும் தங்கராசுவுக்கும் பெரிய சண்டை. கடைசியில் அவள்தான் சொன்னாள்: "இந்த மழைக்காலம் ஒண்ணு மட்டும் விடுங்கப்பா. ஆடி முடியறதுக்குள்ள தலைமை கைடு ஆகலீன்னா வந்தர்றேன். நீங்க கைகாட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டறேன்." தலைமை கைடு என்றால் எல்லாப் படகுக்கும் முன்னால் போகிறவர். இன்றைக்கு ஆற்றில் இறங்கலாமா கூடாதா என்பது அவர் சொன்னால் சொன்னதுதான்.

தங்கராசு காத்துக்கொண்டிருக்கவில்லை. திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டான். போர்வெல் வண்டி மூன்று ஓடுகிறது, ஒரே பையன். ஆவணியில் முகூர்த்தம் கேட்கிறார்கள். தேன் மாதிரி பேசிக் கூட்டிவருவாள் அம்மா என்று என்னை அனுப்பியிருக்கிறான்.

ஜூலை 16, ஞாயிறு

முதலாளி பெள்ளியப்பா என்னை ஜீப்பில் தொங்குபாலத்துக்குக் கூட்டிப்போனார். குடகர். சின்ன வயதிலிருந்து தோட்டத்துத் தமிழ் ஆட்களோடு பழகிய பேச்சு. பேத்தியை மட்டும் மொம்மகளு என்கிறார்.

"உங்க மொம்மகளு ஓட்டறதை இங்கிருந்து பாருங்கம்மா. பயம் வந்தா கண்ண மூடிக்குங்க."

நான் கண்ணை மூடவில்லை. லாரிக்காரன் பொண்டாட்டி.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஒரு பள்ளத்தில் விழுந்து அங்கேயே சுற்றுகிறது. அதற்கு கைடுகள் வைத்த பேர் மிக்ஸி. முதலில் நேபாளத்துக்காரன் தில் பகதூர் ஒற்றையாள் படகில் வந்து ஓரமாக ஒதுங்கினான். யாராவது தண்ணீரில் விழுந்தால் பிடிக்கிறவன் அவன். பிறகு என் பேத்தி. முன்னால் ஆறு ஆம்பளைகள், தொந்தியும் தொப்பையுமாக. பின்னால் உட்கார்ந்துகொண்டு இவள் கத்துகிறாள்: "முன்னால! முன்னால! விடாதீங்க! நிறுத்து! குனி!" ஆறு பேரும் அப்படியே செய்கிறார்கள். படகு செங்குத்தாக நின்றது. ஒரு நிமிஷம் வெறும் வெள்ளைத் தண்ணீர். அப்புறம் அந்தப் பக்கம் வெளியே வந்தது, ஆறு பேரும் கையைத் தூக்கிக் கூச்சல் போட்டார்கள். இவள் மட்டும் போடவில்லை. திரும்பிப் பின்னால் வருகிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்க்கிற பார்வை அது.

இதைத் தங்கராசுவிடம் சொல்லவில்லை. சும்மா எழுதி வைத்தேன். மாத்திரை போட மறந்துவிட்டேன்.

ஜூலை 17, திங்கள். ஆடி ஒன்று

தேங்காய் சுடுவதற்கு எஸ்தர் அடுப்பில் இடம் கேட்டேன். சங்ககிரியில் இன்றைக்குத் தெருவெல்லாம் தேங்காய் சுடுகிற வாசனை வரும். இங்கே நான் ஒருத்திதான். பொட்டுக்கடலை, வெல்லம், எள் எல்லாம் போட்டு அழிஞ்சிக் குச்சிக்குப் பதிலாக ஏதோ ஒரு குச்சியில் குத்திச் சுட்டேன். தில் பகதூர் பாதித் தேங்காயைத் தின்றுவிட்டு என்னை "ஆமா, ஆமா" என்றான். அவன் ஊரில் அம்மாவை அப்படிக் கூப்பிடுவார்களாம்.

கோகிலாவிடம் மாப்பிள்ளை பேச்சை எடுத்தேன்.

"அப்பாயி, இன்னும் ஆடி முடியலீங்களே."

"முடியறதுக்கு முன்னால ஒரு வார்த்த பேசினா குத்தமா? பையன் நல்ல நெறம்."

"நெறம் பாத்து என்ன பண்றது? போர் போடறவருங்க, முகமெல்லாம் சேறாத்தான இருக்கும்."

எஸ்தர் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பெள்ளியப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து படகையும் இவள் பொறுப்பில் விடப் போகிறாராம். அது நல்லபடியாக முடிந்தால் தலைமை கைடு. அதைச் சொல்லும்போது என் பேத்தி சாப்பிடவே இல்லை, தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20, வியாழன்

மூட்டு வலி. எண்ணெய் தேய்த்தேன். மழை.

ஜூலை 22, சனி

உட்கார்ந்தே இருந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று அறையை ஒழுங்கு செய்தேன். ஒரு அறையில்தான் நானும் கோகிலாவும் படுக்கிறோம். ஈரச் செருப்பு, ஈர ஜாக்கெட், ஈரத் துண்டு எல்லாம் மூலைக்கு மூலை. ஆணியில் ஒரு சிவப்புப் பை சொட்டிக்கொண்டே தொங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே கயிறு. நல்ல கயிறு, மஞ்சள் நைலான். அதைக் கந்தல் துணி திணிப்பது போலத் திணித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு வயிற்றெரிச்சலாகிவிட்டது. எங்கள் வீட்டில் கயிறை அப்படி வைத்தால் என் வீட்டுக்காரர் சோறு தின்ன மாட்டார். லோடு இறக்கி வந்த இரவே தார்ப்பாய்க் கயிறு முழுக்கச் சுற்றி முடிச்சுப் போட்டு வண்டியில் ஏறிவிட வேண்டும். அந்த முடிச்சை எனக்குக் கல்யாணமான மறுவாரமே சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு குலுங்கினாலும் பிரியாது.

வெளியே எடுத்துத் துடைத்தேன், அடுப்பு மேல் கொஞ்ச நேரம் போட்டேன். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் சுற்றி, சுருளின் நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி அந்த முடிச்சைப் போட்டு இறுக்கி, பையில் போட்டு வாயைச் சுருக்கினேன். ஒரு முனையை அவள் வைத்திருந்த மாதிரியே வெளியே விட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது.

நாளைக்குப் பெரிய நாள் என்று கோகிலா ஏழு மணிக்கே படுத்துவிட்டாள். சொல்லவில்லை. காலையில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாத்திரை போட்டேன்.

ஜூலை 23, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் திருச்செங்கோட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன். முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். கோகிலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"அப்பாயி, படகெல்லாம் ரெடியாயிருச்சுங்க. நான் இன்னும் சாமான் பாக்கல."

"பெரியவங்க கூப்பிட்டா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ கண்ணு. ஆறு எங்கயும் ஓடிறாது."

அந்தம்மா வளவளவென்று பேசினாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. கோகிலா போனை என் கையில் திணித்து, ஆணியிலிருந்த சிவப்புப் பையைப் பிடுங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் ஜீப் தனியாக வந்தது. மிக்ஸியில் இரண்டாவது படகு கவிழ்ந்துவிட்டது. ஐந்து பேர் படகைப் பிடித்துக்கொண்டார்கள். நாகேந்திரா என்று மைசூர்ப் பையன், காலேஜில் வாத்தியார், அவன் மட்டும் தண்ணீரோடு போய்விட்டான். கோகிலா தன் படகை ஒதுக்கிப் பாறையில் ஏறிக் கயிற்றை வீசியிருக்கிறாள். பை அவனுக்கு எட்டவில்லை. பாதியிலேயே சுண்டிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அவன் அடுத்த பள்ளத்தில் போய்ப் பாறை இடுக்கில் கால் மாட்டி, தில் பகதூர் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டான். உயிர் இருக்கிறது. கால் முறிந்துவிட்டது. மடிக்கேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஜீப் டிரைவரிடம் கேட்டு எஸ்தர் சொன்னாள். கயிறு ஏன் எட்டவில்லை என்று நான் கேட்டேன்.

"பைக்குள்ள கயிறு தளதளன்னு கிடக்கணும் பாட்டிம்மா. வீசினா பை பறக்கப் பறக்கக் கயிறு தானா வெளிய வரும். அதான் துணி மாதிரி திணிக்கிறது. என்னமோ இன்னைக்கு வரலியாம்."

கயிறு ஈரம் பட்டால் இறுகும். நைலான்கூட இறுகும்.

கோகிலா சாயந்திரம் வந்து ஈரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். காப்பி வைத்துக் கொடுத்தேன். குடித்தாள்.

ஜூலை 24, திங்கள்

மாத்திரை போட்டேன். மழை. படகு எதுவும் இறங்கவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

ஹரிக்குப் போன் செய்தேன். கால் எலும்பு இரண்டாகப் போனால் பழையபடி நடப்பார்களா என்று கேட்டேன்.

"யாருக்கு அப்பாயி?"

"ஒரு பையனுக்கு."

"சின்ன வயசா? பிளேட் வெச்சா ஓடவே செய்வான். நீங்க விழுந்துட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"நான் விழுகல சாமி."

ஓடவே செய்வான் என்று அவன் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

தங்கராசுவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. "நல்லதாப் போச்சும்மா. ஆருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்லியே? இனி அந்தாளு இவளத் தலைமை ஆக்க மாட்டான். பேச்சுன்னா பேச்சு. வெள்ளிக்கிழமை நான் வண்டியெடுத்துட்டு வர்றேன். துணிய எடுத்து வைங்க."

சரி என்றேன். வந்த காரியம் இதுதானே. துணியை எடுத்து வைத்தேன். ஜாக்கெட் இன்னும் காயவில்லை.

ஜூலை 26, புதன்

கோகிலா சாப்பிடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எனக்கும் இறங்கவில்லை.

ஜூலை 27, வியாழன்

பெள்ளியப்பா ஆபீஸ் அறையில் எல்லாரையும் கூப்பிட்டார். எஸ்தருக்கு இடுப்புப் பிடிப்பு, டீத் தட்டை நான் கொண்டுபோனேன்.

மேசை மேல் அந்தச் சிவப்புப் பை. பக்கத்தில் மஞ்சள் கயிறு, நான் சுற்றியபடியே, நடுவில் கட்டுடன். கோகிலா நின்றுகொண்டிருந்தாள், இங்கே எல்லாருக்கும் அவள் வாணி. தில் பகதூர் சுவரில் சாய்ந்திருந்தான். பெள்ளியப்பா ஆரம்பித்தார்.

"பதினெட்டு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். கயித்த இப்படிக் கட்டி வெச்ச கைட நான் பாத்ததே இல்ல. யார் கட்டினது வாணி?"

"நாந்தான் சார்."

"நீயா? ஏன்?"

"ஈரமா இருந்துச்சுன்னு சுத்தி வெச்சேன். மறந்துட்டேன்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு." அவள் பார்க்கவில்லை. அவர் கயிற்றை அவள் முன்னால் தள்ளினார். "சரி. நீ கட்டினதுதானே? அவிழ்த்துக் காட்டு."

அவள் எடுத்து நகத்தால் நோண்டினாள். நாலு நாள் ஊறிக் கல்லாகிவிட்ட முடிச்சு. ஒரு பக்கம் இழுத்தாள், இன்னும் இறுகியது. தில் பகதூர் வாங்கிப் பல்லால் கடித்துப் பார்த்தான். பெள்ளியப்பா மேசை டிராயரைத் திறந்து கத்தியை எடுத்தார்.

நல்ல கயிறு. அதைப் போய் அறுக்கிறதா.

டீத் தட்டை வைத்துவிட்டு நான் கயிற்றை வாங்கினேன். அந்த முடிச்சை இழுத்து அவிழ்க்கக் கூடாது. முதலில் இரண்டு கட்டைவிரலாலும் முதுகை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும், அப்புறம் மூன்றாவது சுற்றின் வாலைப் பிடிக்க வேண்டும். விரலில் பலம் இல்லை, இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை சர்ரென்று முழுக்கயிறும் மேசை மேல் பிரிந்து விழுந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நாந்தானுங்க கட்டினேன்" என்றேன். "லாரிக்காரங்க வூட்டுல இப்படித்தான் கட்டுவோம். இவளுக்குத் தெரியாது. அன்னிக்குக் காலைல சாமான் பாக்கப் போனவளப் பிடிச்சு உக்கார வெச்சதும் நாந்தான்."

பெள்ளியப்பா கத்தியை மறுபடி டிராயரில் வைத்தார். டிராயரை மூடிவிட்டுச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொன்னது நல்லது. ஆனா படகுல கால் வெக்கிறதுக்கு முன்னால பையத் திறந்து பாக்க வேண்டியது கைடு. உள்ள சாமியே கைய விட்டிருந்தாலும் அவதான் பாக்கணும். இந்த வருஷம் தில் தலைமை. வாணி தண்ணில இறங்க வேண்டாம். கரையில வேலை பாக்கட்டும். அடுத்த மழைக்குப் பாப்போம்."

நான் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒன்றும் சரியாகவில்லை.

ஜூலை 28, வெள்ளி

தங்கராசுவை இன்றைக்கு வர வேண்டாம், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் என்றேன். அதுவும் பாதி உண்மை.

கோகிலா என்னிடம் பேசவில்லை. நான்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொட்டகையில் படகுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்கிற பம்பு.

"பாத்ததுமே தெரிஞ்சுதா கண்ணு, நான் போட்ட முடிச்சுன்னு?"

"பாறை மேலயே தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் நாந்தான்னு சொன்னே? இந்தக் கெழவிக்கோசரமா?"

பம்பை மிதிப்பதை நிறுத்தினாள். "உங்களுக்கோசரமில்லீங்க அப்பாயி. பையத் தொறந்து பாக்காம ஏறுனது ஆரு? நானு. அந்தப் பையன் என்னைப் பாத்துக் கைய நீட்டுனான். என் மூஞ்சியத்தான் பாத்தான். அதுக்குமேல ஆரு கட்டுனா என்ன? எங்க அப்பாயி கட்டிட்டாங்க சார்னு முதலாளிகிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா?"

"அப்ப நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. நாலு நாளா ஒரே கட்டில்ல படுத்திருந்தோம். எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாமுங்க."

அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்: "எனக்குச் சலிச்சுப் போச்சு. பேசாம வீட்டுக்கு வந்தர்றேன். போர்வெல்லோ என்னமோ."

வந்த காரியம் முடிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

மடிக்கேரி ஆஸ்பத்திரிக்கு நானும் வருவேன் என்றேன். கோகிலா வேண்டாம் என்றாள். ஜீப்பில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன், என்ன செய்வாள்.

அந்தப் பையன் நாகேந்திராவுக்குக் காலில் பிளேட் வைத்துத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒடிசலாக, கண்ணாடி போட்டு, முகுந்தன் மாதிரி இருக்கிறான். அவன் அம்மா பக்கத்தில் இருந்தாள். கோகிலா நடந்ததைக் கன்னடத்தில் சொன்னாள், தன் தப்பு என்றுதான் சொல்லியிருப்பாள். நான் என்னைக் காட்டி, கையால் கயிறு சுற்றிக் காட்டினேன்.

அந்தம்மா எழுந்து நின்று திட்டினாள். முழுக்கப் புரியவில்லை. புரிந்த அளவு போதும். என் வயசுக்கு யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. நான் நின்று கேட்டுக்கொண்டேன். கோகிலாவும் நின்றாள். வெளியே போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன், அவள் வரவில்லை. அந்தம்மா திட்டி முடித்து, அழுது முடித்து, உட்காரும் வரைக்கும் நின்றாள். பிறகு பையன் ஏதோ கேட்டான், இவள் பதில் சொன்னாள், அவன் சிரித்து இருமினான். என்ன கேட்டான் என்று வெளியே வந்து விசாரித்தேன்.

"காணாமப் போன ஒத்தச் செருப்பு கெடச்சுதான்னு கேக்கறானுங்க."

திரும்பும்போது தொங்குபாலத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். மழை கொட்டுகிறது. பாலத்துத் தூணில் கோடு கோடாக மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, துடைக்கவில்லை.

"மேல நைட்டு நல்ல மழை பேஞ்சிருக்குதுங்க. நாளைக்கு எறங்கக் கூடாது. தில்லுகிட்டச் சொல்லணும், அவன் கோடு பாக்க மறந்துருவான்" என்றாள். என்னிடம் சொன்னாளா, ஆற்றிடம் சொன்னாளா தெரியவில்லை.

ஊருக்கு வருகிறவள் நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு என்று ஏன் பார்க்கிறாள்?

மாத்திரை போட்டேன்.

ஜூலை 31, திங்கள்

தங்கராசு காலையிலேயே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்றான், இந்தத் தடவையும் உள்ளே வரவில்லை. கோகிலாவைக் கூப்பிடாமல் நான் மட்டும் பையோடு போனேன்.

"எங்கீங்க அவ?"

"அவ வரல."

"என்னம்மா சொல்றீங்க? தலைமை ஆகலீல்ல? பேச்சுன்னா பேச்சுதான?"

"பேச்சுக் குடுத்தது அவ. கெடுத்தது நானு. நான் கெடுத்ததுக்கு அவ எப்படிடா கழுத்த நீட்டுவா?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கார் கதவை அறைந்து சாத்தினான்.

"திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன். போன நீ போட்டுக் குடு."

அவன் போட்டுக் கொடுத்தான். அந்தம்மாவிடம் பேசினேன். பொய் சொல்லவில்லை. பெண் ஆற்றில் படகு ஓட்டுகிறாள், விட மாட்டாள், நாங்களும் விடச் சொல்லப் போவதில்லை என்றேன். அந்தம்மா, "மொதல்லயே சொல்லியிருந்தா எங்க நேரமாவது மிச்சமாயிருக்குமுங்களே" என்றாள். நியாயம்தான்.

கோகிலா கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஓடி வருவாள், கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. கையில் பம்புடன் நின்றாள். பிறகு கேட் வரைக்கும் மெதுவாக வந்து, அவள் அப்பனிடம், "டீ குடிச்சுட்டுப் போங்கப்பா, எஸ்தரக்கா போட்டிருக்கறாங்க" என்றாள். அவன் குடிக்கவில்லை. ஆனால் உடனே வண்டியையும் எடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான், அவள் உள்ளே போகும் வரைக்கும்.

திம்பத்தில் இந்தத் தடவை வாந்தி இல்லை. கண்ணைத் திறந்தே வந்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன். சங்ககிரி

இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். நான் போகவில்லை. படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஜாதகமும் போட்டோவும் தரகர் கையில் திரும்பி வந்துவிட்டன. திருச்செங்கோட்டுக்காரர்கள் கவரைக்கூட மாற்றவில்லை, நாங்கள் கொடுத்த அதே மஞ்சள் கவர். கோகிலா பட்டுச்சேலை கட்டி, ஸ்டூடியோவில் பூந்தொட்டிப் பக்கத்தில் நின்று எடுத்த படம். முகத்தில் பவுடர் அப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் மாதிரியே இல்லை.

தரகர் போகும்போது கேட்டார்: "பொண்ணு இப்ப என்ன வேலைல இருக்குதுங்க? அடுத்த எடத்துக்குச் சொல்றதுக்கு."

"படகு ஓட்டறா. மலைமேல, வெள்ளத்துல" என்றேன். "இப்ப கரைல இருக்கறா. அடுத்த மழைக்கு எறங்குவா."

அவர் நம்பவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று அவளிடமிருந்து போன். தினமும் காலையில் எல்லாப் படகின் கயிற்றுப் பைகளையும் திறந்து பார்ப்பது இப்போது அவள் வேலையாம். பெள்ளியப்பா கொடுத்த வேலை. தண்டனையாகக் கொடுத்தாரா, நம்பிக் கொடுத்தாரா என்று அவளுக்கே தெரியவில்லை. தில் பகதூர் தினமும் கோடு பார்க்க மறந்துவிடுகிறானாம். நாகேந்திரா ஊன்றுகோலோடு நடக்கிறானாம். என்னிடம் கொஞ்சம் சிரித்துப் பேசினாள், முழுக்க இல்லை.

தங்கராசு இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறான்.

செல்போனில் படம் அனுப்பினால் என் கண்ணுக்குத் தெரிவதில்லை, விரல் பட்டால் மறைந்தும் போய்விடுகிறது. அதனால் இன்றைக்கு ஒரு கார்டு வாங்கிவரச் சொல்லி இப்படி எழுதிப் போட்டேன்:

கண்ணு கோகிலா, நான் சௌக்கியம். மாத்திரை போடுகிறேன். மடிக்கேரியில் ஸ்டூடியோ இருக்கும், பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒரு புதுப் போட்டோ தபாலில் அனுப்பு. பவுடர் வேண்டாம், பூந்தொட்டி வேண்டாம். ஹெல்மெட் போட்டு, துடுப்புப் பிடித்து, ஆற்றங்கரையில் நின்று எடு. முகம் தெரிய வேண்டும். மழைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சீக்கிரம் அனுப்பு.